சுண்ணாம்பு முதல் சாம்பல் செங்கல் வரை: களக்காட்டுப் பகுதிக் கட்டுமானம்

பச்சையாறு உற்பத்தியாகும் மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் களக்காடு. இங்குள்ள பழைய வீடுகளுக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் மாட்டுவண்டி போய்வரும் தூரத்துக்குள் கிடைத்தவை. குளத்து மண்ணில் அறுத்த செங்கல், சூளையில் சுட்ட சுண்ணாம்பு, வைரம் பாய்ந்த பனை ஆகியவை போதும். சுண்ணாம்பை நீற்றி, மணலுடன் சேர்த்து, செக்கில் மாடு கட்டி அரைப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை அதில் விடுவார்கள். தட்டட்டிக்குப் பனங்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சிறு செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிக் காரை பூசுவது வழக்கம். கொத்தனாருக்கு இது பல வாரப் பொறுமை வேலை.

சுண்ணாம்புக்கல்லைச் சுடச் சுமார் 900 பாகை வெப்பம் போதும். சிமெண்டுக்கு ஏறத்தாழ 1,450 பாகை தேவை. காரை இறுகும்போது, கல் சுடப்பட்டபோது வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. சிமெண்டில் இது மிகக் குறைவு, மிக மெதுவானதும்கூட.

திருப்பம் 1949இல் வந்தது. திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்து சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லே மூட்டையில் அடைத்த சிமெண்டாக வந்தது. வேலை விரைந்தது; அதை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. காங்கிரீட் கூரை வந்ததும் பனங்கட்டைக்குத் தேவை குறைந்தது. ஆனாலும் பனைகள் தப்பவில்லை. சூளை விறகாகவே ஏராளமான மரங்கள் போயின. 2021இல்தான், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது.

மணல் இன்னும் பெரிய கணக்கு. காங்கிரீட் பெருகப் பெருகத் தாமிரபரணி ஆழமாகத் தோண்டப்பட்டது. ஆற்று நீர்மட்டம் இறங்கினால் வாய்க்கால் தலைமடைக்குத் தண்ணீர் ஏறாது. முதுபெரும் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. அதன் பின் எம்-சாண்ட் எனும் அரைத்த கருங்கல் தூள் எங்கும் பரவியது. ஆற்றுக்கு இது நல்லதுதான். ஆனால் அந்தக் கல்லும் ஏதோ ஒரு குன்றிலிருந்துதான் வருகிறது.

என் பார்வையில் இப்பகுதிக்கு உண்மையிலேயே பொருந்துவது சாம்பல் செங்கல். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிவருகிறது. அனல் நிலையங்களைச் சுற்றி 50 கி.மீ. தொலைவுக்குள் செங்கல் தயாரிப்பில் சாம்பல் சேர்க்க வேண்டும் என்று 1999இல் மத்திய அரசு ஆணையிட்டது. 2003இல் அது 100 கி.மீ. ஆனது. இந்தக் கல்லைச் சுட வேண்டாம், நீர் தெளித்து ஆற்றினால் போதும். குளத்து மண்ணும் மிஞ்சும், விறகும் மிஞ்சும். இதைப் பிணைக்கச் சிறிது சிமெண்டோ, சுண்ணாம்பும் ஜிப்சமுமோ சேர்க்கிறார்கள்.