ராக் இசைத்தட்டுகளில் பியானோ, ஆர்கன் வித்வான்கள்: அநாமதேயத்திலிருந்து அங்கீகாரம் வரை

ராக் இசையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் பாடகரையும் கிதார் வித்வானையும் நடுநாயகமாக வைத்தே எழுதிப் போயினர். ஆயினும், 1960களிலும் 1970களிலும் வெளிவந்த இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ரசிகர்கள் ஒன்றுகூடிப் பழைய ஞாபகங்களைப் பகிர்ந்துகொள்ளும்போது, பேச்சு மெல்ல மெல்லக் குழுத் தலைவர்களை விட்டு விலகி, உறையில் பெயர்கூட அச்சிடப்படாத ஒரு பியானோக்காரரையோ ஆர்கன் வாசித்தவரையோ பற்றியதாக மாறிவிடுவதைக் காண்கிறோம். இப்பேச்சு வெறும் பொழுதுபோக்கன்று. கூலிக்கு வாசித்துப் போனவர் என்ற நிலையிலிருந்து படைப்பில் பங்குடையவர் என்ற நிலைக்கு இவ்வித்வான்கள் உயர்ந்த வரலாற்றில், சட்டத்துக்கும் நிறுவனங்களுக்கும் முன்னதாக ரசிகர்களின் செவியே சாட்சி சொல்லியிருக்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில் முறையும் வாத்தியமும்

ஒலிப்பதிவு நிலையத்தில் நேரக் கணக்கில் வாசிப்போரைச் செஷன் கலைஞர்கள் என்பது வழக்கம். பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப்படி ஒரு செஷன் என்பது மூன்று மணி நேரம். அதற்குள் பதிவாகும் இசை இருபது நிமிஷத்துக்கு மேற்படலாகாது. குறித்த ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு கலைஞர் வெளியேறியபின், அவர் வாசித்த பாட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அந்த லாபத்தில் அவருக்குப் பங்கு கிடைப்பது அரிது. மெட்டையும் சாகித்தியத்தையும் இயற்றியவருக்குப் பாட்டின் உரிமையும், கம்பெனிக்குப் பதிவின் உரிமையும் சேர்ந்துவிட, வாசித்தவருக்கு இரண்டிலும் இடமில்லாது போயிற்று.

இக்கலைஞர்களில் பலர் கையாண்ட ஹாமண்ட் ஆர்கனோ, ராக் இசைக்கென்று பிறந்த வாத்தியமே அன்று. சிகாகோவில் மின்சாரக் கடிகாரங்கள் செய்துவந்த லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர், குழலார்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களை மனத்திற்கொண்டு 1935இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். இதன் புகழ்பெற்ற வகையாகிய பி-3இனுள் 91 பல்சக்கரங்கள் காந்தங்களின் முன் சுழன்று ஸ்வரங்களுக்கான மின்னலைகளை உண்டாக்குகின்றன. டொனால்டு லெஸ்லி என்பவர் அமைத்த ஒலிபெருக்கிப் பெட்டியில் ஊதுகுழல் போன்ற உறுப்பொன்று சுழலுவதால், ஒலி கேட்போரை நெருங்குவதும் விலகுவதுமாக அசைந்து, மனிதக் குரலுக்குரிய நடுக்கத்தைப் பெறுகிறது. கறுப்பின மக்களின் தேவாலயங்களிலும், பின்னர் ஜாஸ் இசையிலும் பக்குவப்பட்ட இந்த நாதம், 1960களில் ராக் இசையை வந்தடைந்தது.

தற்செயலாக எழுந்த ஒரு பாணி

1965 ஜூன் 16ஆம் தேதி நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாப் டிலன் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' என்னும் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். தயாரிப்பாளர் டாம் வில்சனின் விருந்தினராக வந்திருந்த ஆல் கூப்பர் என்ற 21 வயது இளைஞர், கிதார் வாசிக்கும் ஆசையோடு வந்து, மைக் புளூம்ஃபீல்டின் வாசிப்பைக் கேட்டதும் தம் கிதாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டவர். ஆர்கனில் இருந்த பால் கிரிஃபின் பியானோவுக்கு மாற்றப்பட்டபோது, காலியான இடத்தில் கூப்பர் சென்று அமர்ந்தார். அவ்வாத்தியத்தில் பயிற்சி இல்லாமையால், மற்றவர்கள் எந்த ஸ்வரக் கூட்டுக்குப் போகின்றனர் என்று கவனித்துக்கொண்டு, தாளத்தில் அரைக்கால் பங்கு பின்தங்கியே அவர் விசைகளை அழுத்தினார். அந்தத் தாமதமே பாட்டுக்கு ஓர் அலாதியான அழகைத் தந்தது. இவர் ஆர்கன் வித்வானல்லர் என்று வில்சன் ஆட்சேபித்தபோதிலும், ஆர்கனின் ஒலியை உயர்த்தும்படி டிலன் கேட்டுக்கொண்டார். ஆறு நிமிஷத்துக்கு மேல் நீளும் அப்பாட்டை நினைவுகூரும் ரசிகர் எவரும் அந்த ஆர்கனை விட்டுவிட்டு நினைவுகூர்வதில்லை.

இரு வாழ்க்கைகள்

ஸ்காட்லாந்தில் பிறந்த இயன் ஸ்டூவர்ட், 1962இல் பிரையன் ஜோன்ஸ் பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தைக் கண்டு வந்து, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஸ்தாபகருள் ஒருவரானார். மறு வருஷமே, ஆறு பேர் அதிகம் என்றும் இவருடைய தோற்றம் குழுவுக்குப் பொருந்தாதென்றும் கருதிய நிர்வாகி இவரை மேடையிலிருந்து விலக்கினார். இவரோ மனக்கசப்பால் பிரிந்து போகாமல், குழுவின் வாத்தியங்களைச் சுமந்து செல்லும் பொறுப்பை ஏற்று, இசைத்தட்டுகளுக்குப் பியானோவும் வாசித்துக்கொண்டு, 1985இல் இறக்கும்வரை உடனிருந்தார். மைனர் ஸ்வரக் கூட்டுகள் வரும் பாட்டுகளை வாசிக்க மறுப்பது இவருடைய கொள்கை. அதனாலேயே 1969 டிசம்பரில் அலபாமாவில் 'வைல்ட் ஹார்ஸஸ்' பதிவானபோது ஜிம் டிக்கின்சன் பியானோவில் அமர நேர்ந்தது.

நிக்கி ஹாப்கின்ஸ் 1944இல் லண்டனை அடுத்த பெரிவேலில் பிறந்து, ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் பயின்றவர். இளமையிலேயே குரோன் நோயால் பீடிக்கப்பட்டு, 1963 முதல் ஒன்றரை வருஷத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தார். ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்யும் வலிமையை நோய் பறித்துக்கொண்டமையால், ஒலிப்பதிவுக் கூடமே இவருக்குக் கர்மபூமியாயிற்று. தி ஹூ, கிங்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், ஜெஃபர்சன் ஏர்பிளேன் எனப் பல குழுக்களின் இசைத்தட்டுகளில் இவருடைய பியானோ ஒலிக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் 'ரெவல்யூஷன்' இசைத்தட்டில் மின்பியானோவும், ஜான் லெனனின் 'ஜெலஸ் கை' பாட்டில் பியானோவும் வாசித்தவர் இவரே. பாடகரின் குரல் ஓய்ந்த இடங்களில் மட்டும் மலர்ந்து, குரல் திரும்பியவுடன் ஒதுங்கிக்கொள்ளும் இவருடைய வாசிப்பு, தேர்ந்த பக்கவாத்தியக்காரரின் அடக்கத்தையும் வித்தையையும் ஒருங்கே காட்டுவது.

பெயரும் உரிமையும்

பெயரளவிலான அங்கீகாரத்துக்கு 1969ஆம் ஆண்டு ஒரு திருப்பம். தேவாலய இசையில் வளர்ந்த பில்லி பிரெஸ்டன் அவ்வாண்டு ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவோடு மின்பியானோ வாசிக்க, ஏப்ரலில் வெளிவந்த 'கெட் பேக்' இசைத்தட்டின் முகப்பில் குழுவின் பெயரோடு அவர் பெயரும் சேர்த்து அச்சிடப்பட்டது. இது விதிவிலக்கேயன்றி விதியாகவில்லை. 1971இல் டேவிட் போவியின் 'லைஃப் ஆன் மார்ஸ்?' பாட்டுக்குப் பியானோ வாசித்த ரிக் வேக்மேன் போன்ற தேர்ந்த கலைஞர்களும் செஷன் ஊதியத்தை நம்பியே தொழிலைத் தொடங்கினர்.

உரிமை பற்றிய கேள்வியைத் தீர்த்து வைத்தது மாத்யூ ஃபிஷரின் வழக்கு. புரோகோல் ஹாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த அவர், 1967இல் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டுக்கு, பாக் என்னும் மேதையின் சாயல் படிந்த ஆர்கன் பகுதியைத் தாமே அமைத்து வாசித்தார். எனினும், ஆசிரியர்களாகக் குறிக்கப்பட்டவர்கள் கேரி புரூக்கரும் கீத் ரீடுமே. ஃபிஷர் 2005இல் வழக்குத் தொடுக்க, 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் இசையில் அவருக்கு நூற்றுக்கு 40 பங்கு உண்டென்று தீர்ப்பளித்தது; மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல், காலதாமதத்தைக் காரணம் காட்டி, வருமானத்தில் அவருக்குப் பங்கில்லை என்றது; பிரபுக்கள் சபை 2009 ஜூலை 30ஆம் தேதி ஒருமனதாக அவ்வுரிமையை மீட்டளித்தது. பாட்டு வெளிவந்து 42 ஆண்டுகள் சென்றபின், வாசிப்பிலும் கர்த்தத்துவம் இருக்கக்கூடும் என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. 2013இல் பிரிட்டனில் ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டப்பட்டபோது, நீட்டிய காலத்து வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்கைச் செஷன் கலைஞர்களுக்கென ஒதுக்கவேண்டும் என்ற விதியும் சேர்ந்தது.

செவியின் சாட்சி

ஃபிஷரின் ஆர்கன் பகுதி பாட்டின் இன்றியமையாத அங்கம் என்று நீதிமன்றம் கண்டது. ஆர்கனை முணுமுணுத்தே அப்பாட்டை அடையாளம் சொல்லிவந்த ரசிகர்கள் பல்லாண்டுகளாகக் கண்டதும் அதுவே. ஹாப்கின்ஸ் 1994இல் தமது 50ஆவது வயதில் மறைந்தபோது, அவர் பெயர் பொதுமக்கள் பலரும் அறியாத பெயர். ரசிகர்களோ ஒவ்வோர் இசைத்தட்டாகக் கேட்டு, இது அவர் வாசிப்பு, இது அன்று என்று பிரித்தறிந்து, ஒருவருக்கொருவர் சொல்லி வந்தனர். 2011இல் அவருடைய விரிவான சரித்திரம் ஆங்கில நூலாக வெளிவந்தது. 2018இல் ரசிகர்கள் திரட்டிய நிதியால் பெரிவேல் பூங்காவில் பியானோ வடிவில் ஒரு நினைவிருக்கை அமைந்தது. 2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

ஞாபகம் பிழைபடக் கூடியது. ஒருவர் வாசித்ததை மற்றொருவர் மேல் ஏற்றிச் சொல்லுவதும் அதற்கு இயல்பு. ஆதலால் ரசிகர் சொல்லைச் செஷன் குறிப்பேடுகளோடும் சம்பளச் சீட்டுகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆராய்ச்சியாளர் கடமை. ஆனால், குறிப்பேடு இன்னார் இன்ன நாளில் வந்தார் என்பதை மட்டுமே சொல்லும். அவர் வாசித்ததனால் பாட்டு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லுவது கேட்டவர் மனமே. கூலியாகக் கணக்கெழுதப்பட்ட உழைப்பைக் கலையாக முதலில் மதித்தவர்கள் ரசிகர்கள். அம்மதிப்பை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளும்போதுதான் ராக் இசையின் சரித்திரம், முன்வரிசையில் நின்றவர்களின் கதையாக மட்டும் அமையாமல், அதை உண்டாக்கியோர் அனைவருக்கும் உரிய சரித்திரமாகும்.