பதற்றக் காட்சி (திரைப்படம்)

வரப்போகும் ஆபத்தைப் பார்வையாளருக்கு உணர்த்திவிட்டு, அது நிகழும் கணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே செல்லும் காட்சியமைப்பு. கேமரா கோணம், ஒளியமைப்பு, படத்தொகுப்பு மூன்றும் இதற்குப் பயன்படுகின்றன.

தொடக்க கால வரலாற்றில் படத்தொகுப்பே மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது. எட்வின் எஸ். போர்ட்டரின் ‘லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்’ (1903) படத்தில் எரியும் வீட்டின் உள்ளும் வெளியும் மாறிமாறி வருவதால், இம்முறைக்கு அதுவே முன்னோடி என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. ஆனால் பதிப்புரிமைக்காக வாஷிங்டனில் அளிக்கப்பட்ட காகிதப் பிரதியில் மீட்புக் காட்சி முதலில் முழுவதும் உள்ளிருந்தும், பின்னர் மறுபடி வெளியிலிருந்தும் காட்டப்படுகிறது. மாறிமாறி வரும் பிரதி பிற்காலத்தில் வெட்டி ஒட்டப்பட்டது என்பதே இன்று பெரும்பான்மைக் கருத்து. டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘தி லோன்லி வில்லா’வில் (1909) கொள்ளையர் கதவை உடைக்க, தொலைபேசியில் செய்தி அறிந்த கணவன் வீடு நோக்கி விரைகிறான். இதற்கு 1908இல் வந்த பாத்தே நிறுவனப் படம் ஒன்றைச் சிலர் மூலமாகக் காட்டுவர். ஆந்த்ரே தெ லோர்தின் தொலைபேசி நாடகமே (1901) மூலம் என்பாரும் உண்டு.

இதே கதை லோயிஸ் வெபர், ஃபிலிப்ஸ் ஸ்மாலி இயக்கிய ‘சஸ்பென்ஸ்’ (1913) என்னும் பத்து நிமிடப் படத்தில் வேறோர் உயரத்தை எட்டியது. தனித்த வீட்டில் கைக்குழந்தையுடன் மனைவி. அந்த வேடத்தில் வெபரே நடித்தார். வேலைக்காரி சாவியைக் கால்மிதியின் அடியில் வைத்துவிட்டுப் போகிறாள். மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும்போது கேமராவும் அவளோடு கீழே பார்க்கிறது. கீழே நிற்கும் நாடோடி ஒருவன் தலையை நிமிர்த்தி நேராக நம்மைப் பார்க்கிறான். அவள் தொலைபேசியில் பேசும் கட்டத்தில் திரை முக்கோணங்களாகப் பிரிந்து அவளையும் கணவனையும் நாடோடியையும் ஒருசேரக் காட்டுகிறது. துரத்திவரும் போலீஸ் வண்டி, கணவன் திருடி ஓட்டும் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பிரதிபலிப்பாகத் தெரிகிறது. நாடோடி மாடிப்படி ஏறிவர, அவன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்து திரையை நிறைக்கிறது. கேமராவை அசைக்காமலே இவ்வளவு நெருக்கத்தைக் கொண்டுவந்த ஷாட் அக்காலத்தில் அரிது. இப்படத்தில் லான் சேனி நடித்ததாகக் கூறப்படுவதைப் பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

ஜெர்மானியப் படங்கள் நிழலைப் பதற்றத்தின் கருவியாக்கின. முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’வில் (1922) மாடிப்படி ஏறும் நிழலும், ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’மில் (1931) கொலையாளியைத் தேடும் சுவரொட்டியின்மீது விழும் நிழலும் புகழ்பெற்றவை.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ‘தி லாட்ஜர்’ (1927) என்னும் மௌனப் படத்தில் மாடியறையில் உலவுபவனின் காலடியைக் கண்ணுக்குத் தெரியவைக்கக் கண்ணாடித் தளம் அமைத்து, அடியிலிருந்து படமெடுத்தார். ‘சஸ்பிஷன்’ (1941) படத்தில் பால் டம்ளருக்குள் சிறு விளக்கை வைத்து, இருண்ட படிக்கட்டில் பார்வை அந்த டம்ளரைவிட்டு விலகாதபடி செய்தார். ‘சைக்கோ’வின் (1960) குளியலறைக் கொலைக்குப் படப்பிடிப்பு ஏழு நாள் நடந்தது, படத்தொகுப்பாளர் ஜார்ஜ் டோமாசினி. அதன் ஷாட் எண்ணிக்கை, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதைப் பொறுத்து நூலுக்கு நூல் வேறுபடுகிறது. காட்சியைத் தாமே இயக்கியதாக, அதற்குச் சித்திரப்பலகை வரைந்த சால் பாஸ் பின்னாளில் கூறினார். நடிகை ஜேனட் லீ அதை மறுத்தார்.

தமிழில் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) தவிர்க்க இயலாதது. துப்பாக்கிச் சூட்டோடு தொடங்கும் இப்படத்தில் பாடல்கள் இல்லை. கொலையுண்ட ரேடியோ பொறியாளரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஒளிப்பதிவாளர் எஸ். மாருதி ராவ் முகங்களின் ஒரு பாதியை இருளில் விட்ட அழகு இன்றும் தனித்துப் பார்க்கத்தக்கது. கதைசொல்லும் முறைக்குக் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) முன்மாதிரி என்பர். அதே ஆண்டு வந்த ‘தி வுமன் இன் க்வெஸ்ச்சன்’ என்னும் ஆங்கிலப் படத்தையும் சிலர் சுட்டுவர்.

‘தி ஷைனிங்’ (1980) ஸ்டெடிகேம் கருவியால் நீண்ட நடைகூடங்களில் கதைமாந்தரைப் பின்தொடர்ந்தது. சாம் மெண்டிஸின் ‘1917’ (2019) வெட்டுகளை மறைத்து ஒரே ஷாட் போலத் தோன்றுகிறது. அதே ஆண்டு வெளிவந்த லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ ஓர் இரவுக்குள் அடங்குகிறது, அதிலும் பாடல்கள் இல்லை.