தௌலிப் பாறையில் இல்லாத சாசனம்

கலிங்கப் போரின் கொடுமையை நாம் அறிவது அப்போரை நடத்தியவனின் வாய்மொழியாலேயே. பட்டாபிஷேகம் நடந்து எட்டாண்டு கழிந்தபின், ஏறத்தாழ கி.மு. 261-இல், அசோகன் கலிங்கத்தை வென்றான். 1,50,000 மக்கள் நாடு கடத்தப்பட்டனர்; 1,00,000 பேர் வெட்டுண்டனர்; அதனினும் பன்மடங்கினர் மாண்டனர். இக்கணக்கைத் தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அவனே கூறி வருந்துகிறான். சோழ பாண்டியரை எல்லைப்புற அரசராகக் குறிப்பதும் இதே சாசனந்தான்.

இத்தகையவனை மன்னிப்பது தகுமா? நாம் மன்னித்துவிட்டோம் என்றே சொல்ல வேண்டும். 1947-இல் அவனது சக்கரத்தைக் கொடியில் ஏற்றினோம். 1950-இல் சாரநாத்துச் சிங்கங்களை அரசு முத்திரையாக்கினோம். ஆனால் வெட்டுண்டவர் நம் வீட்டார் அல்லர். மன்னிக்கும் உரிமை கலிங்கத்தாருடையது. அவர்களிடம் அவன் அதைக் கேட்டானா?

பெஷாவரை அடுத்த ஷாபாஸ்கடியில் அச்சாசனம் உண்டு. சௌராஷ்டிரத்துக் கிர்நாரில் உண்டு. கந்தஹாரில் 1963-இல் அதன் தொடக்கப்பகுதி கிரேக்க மொழியிலேயே கிடைத்தது. கலிங்க மண்ணிலுள்ள தௌலி, ஜௌகடா என்னும் இரு பாறைகளிலோ அது இல்லை. பதினொன்றும் பன்னிரண்டும் அதனுடன் விடுபட்டுள்ளன. அவற்றுக்கு ஈடாக வேறு இரண்டு சாசனங்கள் உள்ளன: மக்கள் யாவரும் தன் மக்கள் என்கிறான், காரணமின்றி எவரையும் சிறையிடலாகாது என்று அதிகாரிகளுக்குக் கட்டளையிடுகிறான். புண்பட்டவர் எதிரே புண்ணைப் பேசலாகாது என்று எண்ணினானோ, கிளர்ச்சி மூளும் என்று அஞ்சினானோ! அறிஞர் பலவாறு கூறுவர். நமக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மை இச்சாசனத்தின் ஒரு தொடர் நிறுத்திவைக்கிறது. தீங்கிழைத்தவனையும் பொறுக்கத்தகும் அளவுக்குப் பொறுக்கவேண்டும் என்கிறான் மன்னன். பிராகிருதத்தில் அவன் ஆளும் சொல் க்ஷமை என்பதன் இனம். தமிழில் ‘பொறுத்தல்’ அதற்கு நன்கு இசையும். சுமப்பதும் மன்னிப்பதும் அதனுள் அடங்கும். அந்த ‘அளவு’ என்பதை விட்டுவிட்டால் கருத்தே மாறிவிடும். ஏனெனில் அதை அடுத்தே காட்டுவாழ் மக்களை நோக்கி, வருந்தினாலும் தண்டிக்கும் வல்லமை தனக்கு உண்டென எச்சரிக்கிறான். தௌலியிலும் இச்சொல் வருகிறது. எல்லைப்புறத்தார் செய்த பிழைகளில் பொறுக்கத்தக்கவற்றை அரசன் பொறுப்பான் என்பது அங்குள்ள வாசகம். மன்னிப்பு வேண்டி நிற்கவேண்டிய மண்ணில் அவன் அதை வழங்குபவனாக வீற்றிருக்கிறான்.

அவன் வருத்தம் பொய் என்பது நம் கருத்தன்று. மாண்டவர் தொகையை மறைக்காது கல்லில் வெட்டுவித்தவனைப் பொய்யன் என்று எவ்வாறு சொல்வது? எனினும் கலிங்கம் கலிங்கத்தாருக்குத் திருப்பித் தரப்படவில்லை. கடத்தப்பட்ட ஒன்றரை லட்சம் பேர் ஊர் மீண்டனர் என்று அவன் சாசனம் எதுவும் கூறவில்லை.

பிற்காலத்தில் கலிங்கத்தை ஆண்ட காரவேலன், தௌலிக்கு அணித்தேயுள்ள உதயகிரியில் ஹாதிகும்பாக் குகைமேல் தன் செயல்களைப் பொறித்தான். பெரிதும் சிதைந்த கல்வெட்டு அது. நந்த அரசன் முன்னாளில் கொண்டுசென்ற ஜினர் திருவுருவத்தை மகதத்திலிருந்து மீட்டுவந்ததாக அதில் காண்கிறோம். உருவம் திரும்பியது. மனிதர் திரும்பிய செய்தி அதிலும் இல்லை.