திருகோணமலையும் தமிழரசுக் கட்சியும்

1949 இல் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் முன்னணித் தலைவர்கள் யாழ்ப்பாணத்தவர். கிழக்கின் நம்பிக்கையை அக்கட்சி தேடியே பெறவேண்டியிருந்தது. அதன் முதல் மாநாடு 1951 இல் திருகோணமலையில் கூடியமை ஈண்டு கருதத்தக்கது.

1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலைவர் செல்வநாயகம் சொந்தத் தொகுதியாகிய காங்கேசன்துறையில் தோல்வியுற்றார்; திருகோணமலையோ கட்சி வேட்பாளர் இராசவரோதயத்தைத் தெரிவுசெய்தது. கட்சி வென்ற மற்றைய தொகுதி கோப்பாய் மட்டுமே.

1956 இல் மீண்டும் இந்நகரிற் கூடிய மாநாடு, கூட்டாட்சி, மொழியுரிமை, மலையகத் தமிழர் குடியுரிமை என்பவற்றோடு குடியேற்றத் தடுப்பையும் கோரிற்று. கந்தளாய்க் குடியேற்றத்தைக் கண்முன் கண்ட மாவட்டத்திற்கு அஃது ஏட்டுச் சுரைக்காயன்று. 1970 வரை எல்லாப் பொதுத் தேர்தல்களிலும் திருகோணமலைத் தொகுதி கட்சியுடனேயே நின்றது.

மாறாக, 1956 இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் கட்சியின் சார்பில் வென்ற முஸ்லிம் உறுப்பினர் இருவரும் பின்னர் விலகினர். வாக்கைப் பெறுதல் வேறு, நம்பிக்கையைக் காத்தல் வேறு என்பதே இவ்வரலாற்றால் நாம் அறிவது.