கேஸ்ட்ரின் ஹார்மோன் கண்டறியப்பட்ட வரலாறு

கேஸ்ட்ரின் என்பது இரைப்பையின் கீழ்ப்பகுதியில், சிறுகுடலை ஒட்டிய இடத்தில் உள்ள ஜி செல்கள் சுரக்கும் ஹார்மோன் ஆகும். உணவு வந்து இரைப்பை விரிவடையும்போது இது இரத்தத்தில் கலக்கிறது. பின்னர் உடலைச் சுற்றி வந்து, அதே இரைப்பையின் மேற்பகுதியில் உள்ள செல்களை ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கத் தூண்டுகிறது. இன்று பாடநூலில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் இச்செய்தி உறுதியாவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செரிமானம் பற்றிய ஆய்வில் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் கூறியதே முடிந்த முடிபாக இருந்தது. நாய் விழுங்கிய உணவு இரைப்பைக்குச் செல்லாமல் கழுத்து வழியே வெளியேறும்படி அவர் அறுவை செய்தார். உணவு உள்ளே போகாத நிலையிலும் இரைப்பை நீர் சுரந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்ததும் அது நின்றது. எனவே சுரப்பை ஆள்வது நரம்பே என்று கருதப்பட்டது. 1904இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இதற்குள் லண்டனில் வேறொரு கருத்து தோன்றிவிட்டது. பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் 1902இல் சிறுகுடலில் இருந்து செக்ரிடினைக் கண்டறிந்து, நரம்பின் உதவியின்றி இரத்தம் வழியாகவும் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்ப முடியும் எனக் காட்டினர். அப்படியானால் இரைப்பையிலும் இத்தகைய பொருள் இருக்கலாமே என்று எண்ணியவர் ஜான் சிட்னி எட்கின்ஸ். அவர் இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சவ்விலிருந்து எடுத்த சாற்றைப் பூனையின் இரத்தக்குழாயில் செலுத்தினார், அமிலம் சுரந்தது. மேற்பகுதிச் சவ்வின் சாற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. 1905இல் இம்முடிவை வெளியிட்டு, அப்பொருளுக்குக் கேஸ்ட்ரின் என்று பெயரிட்டார்.

எட்கின்சின் கருத்துக்கு வந்த பெரிய இடையூறு ஹிஸ்டமின். அது அமிலச் சுரப்பை மிக வலுவாகத் தூண்டுகிறது என்பதைப் பாவ்லோவின் மாணவரான போபியெல்ஸ்கி 1920இல் வெளியிட்டார். ஹிஸ்டமினோ உடலின் பல திசுக்களிலும் இருப்பது. ஆகவே எட்கின்சின் சாற்றில் வேலை செய்தது ஹிஸ்டமின்தான், கேஸ்ட்ரின் என்று தனியாக ஒன்றும் இல்லை என்ற ஐயம் வலுத்தது. அமெரிக்க உடலியலாளர் ஐவியும் அவருடைய குழுவினரும் 1932இல், இரைப்பைச் சுரப்புக்கான ஹார்மோன் ஹிஸ்டமினே என்று எழுதினர். சாற்றைத் தூய்மைப்படுத்தும் வழி இல்லாத காலத்தில் அது நியாயமான ஐயமே. எட்கின்சிடம் அதற்கு மறுமொழி இல்லை.

மறுமொழி கனடாவில் இருந்து வந்தது. 1938இல் மாண்ட்ரியலில் கொமரோவ் என்பவர், ஹிஸ்டமின் முற்றிலும் நீக்கப்பட்ட சாறும் அமிலத்தைச் சுரக்கச் செய்வதைக் காட்டினார். ஆயினும் சாற்றில் உள்ள பொருள் உயிருள்ள விலங்கில் தானாகவே வெளியாகிறதா என்ற வினா எஞ்சி நின்றது.

அதற்கு விடை தந்தது 1948ஆம் ஆண்டுச் சோதனை. நாயின் இரைப்பையில் அமிலம் சுரக்கும் மேற்பகுதியில் ஒரு சிறு பையை வெட்டியெடுத்து, பழைய நரம்புத் தொடர்பு ஏதுமின்றி உடலில் வேறோர் இடத்தில் ஒட்டி வளர்த்தனர். கீழ்ப்பகுதியைத் தனிப் பையாக அமைத்து, அதை விரியச் செய்தனர். உணவு எதுவும் இல்லை, வெறும் விரிவுதான். தொலைவில் இருந்த பையில் அமிலம் சுரந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த வழி இரத்தம் ஒன்றே. இதைச் செய்த மூவர் கிராஸ்மன், ராபர்ட்சன், மற்றும் 1932இல் ஹிஸ்டமின் பக்கம் நின்ற அதே ஐவி. தம் பழைய முடிவுக்கு மாறான சான்றைத் தாமே தேடித் தந்தது ஐவிக்குப் பெருமை சேர்ப்பது. எட்கின்ஸ் அதைக் காணவில்லை. 1940இலேயே அவர் காலமாகிவிட்டார்.

1964இல் லிவர்பூலில் கிரிகோரியும் ஹில்டா டிரேசியும் பன்றி இரைப்பைகளிலிருந்து கேஸ்ட்ரினைத் தூய நிலையில் பிரித்தனர். அது 17 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு என்பதும் தெரிந்தது.

பாவ்லோவ் கூறியதும் தவறாகிவிடவில்லை. இரைப்பையின் சுவர் விரிந்தால் வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குச் செய்தி கொண்டு செல்கிறது. அமிலம் சுரக்கும் ஆணையும் அதே நரம்பில் திரும்பி வருகிறது. புரதம் செரித்து உண்டாகும் பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும் ஜி செல்களை நேரடியாகத் தூண்டுகின்றன. அமிலம் மிகுந்து பிஎச் 3க்குக் கீழே இறங்கினால் சொமாட்டோஸ்டாட்டின் என்ற மற்றொரு ஹார்மோன் கேஸ்ட்ரினைக் குறைத்துவிடும். உணவு இல்லாத வேளையில் அமிலம் அளவுமீறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஹிஸ்டமினுக்கும் இதில் இடம் உண்டு. கேஸ்ட்ரின் அமிலச் செல்களைப் பெரும்பாலும் நேரடியாகத் தூண்டுவதில்லை. அருகிலுள்ள வேறு சில செல்களை ஹிஸ்டமின் வெளியிடச் செய்கிறது, அந்த ஹிஸ்டமினே அமிலச் செல்களைத் தூண்டுகிறது. இந்தக் கடைசிக் கண்ணியை மறிக்கும் மருந்துகளை ஜேம்ஸ் பிளாக் 1970களில் உருவாக்கினார். அவற்றுள் ஒன்றான சிமெட்டிடின் விற்பனைக்கு வந்த பிறகு, குடற்புண்ணுக்காக அறுவை மேசைக்குச் செல்ல வேண்டியிருந்த பலர் மாத்திரையோடு வீடு திரும்பினர்.