பாத்திரமும் பருவமும்: தமிழகப் பௌத்தத் துறவியரின் அன்றாட வாழ்வியல்

முன்னுரை

மெல்பேர்ண் மாநகரின் தென்கிழக்குப் புறநகரான கிரான்பர்னில் ஈழத்தமிழரும் சிங்களவரும் அயலவராக வாழ்கின்றனர். அண்டையிலுள்ள கீஸ்பரோ, ஸ்பிரிங்வேல் முதலிய பகுதிகளில் பௌத்த விகாரைகள் அமைந்துள்ளன. அங்கு உறையும் பிக்குகளின் துவராடையைக் காணும் ஈழத்தமிழர் பலருக்கு, அது பிறிதோர் இனத்தின் அடையாளமாகவே தோன்றுகிறது. அண்மைக்கால வரலாறு தந்த வடு அதற்குக் காரணமாகும். எனினும் அவ்வாடையை உடுத்தோருக்குரிய ஒழுக்க விதிகளைத் தொகுத்தும் விளக்கியும் நூல் செய்தவர்களுள் சோழநாட்டவர் முதன்மையானோர் என்பது மறக்கற்பாலதன்று. தமிழகப் பௌத்தத் துறவியரின் அன்றாட வாழ்வு எவ்வாறு அமைந்தது என்பதையும், அது இந்நிலத்தின் பருவத்தோடும் இல்லறத்தாரோடும் எவ்வாறு பிணைந்திருந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விதிநூல் செய்த சோழநாட்டார்

உறையூரைச் சேர்ந்த புத்ததத்த தேரர், களப்பிர அரசன் அச்சுதவிக்கந்தன் காலத்தில், சோழநாட்டுப் பூதமங்கலத்தில் தங்கி 'விநயவிநிச்சயம்' என்னும் பாலி நூலை இயற்றினார். அவர் கி.பி. 5ஆம் நூற்றாண்டினர் என்பர். துறவியரின் ஒழுக்க விதிகளை மனப்பாடம் செய்வதற்கேற்பச் செய்யுளில் சுருக்கித் தந்த கையேடு அது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், சோழநாட்டுக் காசியப தேரர் 'விமதிவிநோதனி' என்னும் விநய உரைவிளக்கத்தை எழுதினார். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியை உள்ளிட்ட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் 10,000 துறவியரும் இருந்தனர் என்று குறித்துள்ளார். விதிநூல்கள் ஏட்டளவில் நின்றவையல்ல. பெருந்தொகையினரின் வாழ்வை நெறிப்படுத்தியவை என்பதை இக்குறிப்பு உணர்த்துகிறது.

ஒரு நாளின் ஒழுங்கு

மூன்று ஆடை, பாத்திரம், மழிகத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி ஆகிய எட்டுமே பிக்குவின் உடைமைகள். வைகறையில் எழுந்து தியானமும் ஓதலும் முடித்து, பொழுது புலர்ந்தபின் பாத்திரம் ஏந்தி ஊருக்குள் செல்வது மரபு. வாய் திறந்து கேட்பதில்லை. இட்டதை ஏற்பதே முறை. சூரியன் உச்சியைக் கடப்பதற்குள் உண்டு முடித்தல் வேண்டும். பிற்பகல் கல்விக்கும் தியானத்திற்கும் உரியது. முழுநிலவு, மறைநிலவு நாள்களில் துறவியர் ஒன்றுகூடிப் பாதிமோக்கத்தின் 227 விதிகளை ஓதுவர். குற்றம் உடையோர் அதனை வெளிப்படுத்துவர்.

துறவி சமைப்பதில்லை, உழுவதில்லை, உணவைச் சேமிப்பதுமில்லை. ஆதலின் இல்லறத்தாரின் கை ஓரிரு நாள் ஓய்ந்தாலும் சங்கம் நிலைபெறாது. இவ்வுறவை மணிமேகலைக் காப்பியம் நுட்பமாகத் திருப்பிக் காட்டுகிறது. ஏற்பதற்குரிய பாத்திரம் மணிமேகலையின் கையில் அமுதசுரபியாகி, கொடுக்கும் பாத்திரமாக மாறுகிறது. ஆயினும் அதில் முதற்பிச்சை இடுபவள் ஆதிரை என்னும் இல்லறத்தாளே. கொடை இல்லத்தில் தொடங்கவேண்டும் என்னும் நெறி அற்புதத்தின் நடுவிலும் காக்கப்படுகிறது.

மழைக்கால உறைவும் காவிரிப் படுகையும்

ஆண்டுதோறும் மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்கியிருக்கும் மழைக்கால உறைவு, ஆனி அல்லது ஆடி முழுநிலவிற்கு மறுநாள் தொடங்கி, ஏறத்தாழ அக்டோபரில் நிறைவுறும். அதன்பின் ஒரு திங்களுக்குள் இல்லறத்தார் துறவியருக்குக் கடின ஆடை வழங்குவர். துறவியர் மழைக்காலத்தில் நடந்து பசும்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என மக்கள் குறை கூறியதால் இவ்விதி தோன்றியது என்று விநயம் கூறும்.

மகதத்தில் பிறந்த இவ்விதி, நாகப்பட்டினக் கடற்கரைக்கு எவ்வாறு பொருந்தியது? அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. உறைவு முடியும் வேளையிலேதான் மழை வலுக்கிறது. வானத்தை நோக்கினால் விதி பொருந்தவில்லை. வயலை நோக்கினால் பொருந்துகிறது. மேற்கு மலையில் பெய்த மழையால் காவிரி பெருகுவது ஆடியில். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது உழவர் வாக்கு. வயல் நீர் நிறைந்து நாற்று வேர்கொள்ளும் பருவத்தில் துறவியர் வரப்புகளில் நடவாதிருந்தனர். ஆதலின், விதியின் சொல்லோடு அதன் நோக்கமும் காவிரிப் படுகையில் நிறைவேறியது எனக் கருதலாம். துறவியரின் ஆடையே மகத நாட்டு வயல் வரப்புகளின் அமைப்பைப் பார்த்துத் துண்டுகளை இணைத்துத் தைக்கப்பட்டது என்னும் மரபுச் செய்தியும் இங்கு எண்ணத்தக்கது.

பிச்சையிலிருந்து பள்ளிச்சந்தம் வரை

ஸ்ரீவிசய அரசன் சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவு செய்தது நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவ்வூரின் ஏறத்தாழ 8,900 கலம் நெல் வருவாய் விகாரைக்கு உரியதாயிற்று. லெய்டன் செப்பேடுகள் எனப்படுபவை இதற்குச் சான்று. முதலாம் குலோத்துங்கனின் 1090ஆம் ஆண்டுச் செப்பேடும் அங்கிருந்த பள்ளிகளைக் குறிப்பிடுகிறது. அரசுக்கொடை சங்கத்திற்கு உறுதி தந்தது. அதே வேளையில், அதன் வாழ்வு அரசையும் கடல்வணிகத்தையும் சார்ந்திருக்கவும் வழிசெய்தது. இச்சார்பே பிற்கால நலிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாதல் கூடும். 1476இல் பர்மிய மன்னன் தம்மசேதி அனுப்பிய தூதினருள் சிலர், கப்பல் உடைந்தபின் நாகப்பட்டினம் அடைந்து பதரிகாராமம் இருந்த இடத்தைக் கண்டனர் எனக் கல்யாணிக் கல்வெட்டு கூறுகிறது.

முடிவுரை

இன்று மெல்பேர்ணில் மழைக்கால உறைவு கடுங்குளிரில் தொடங்குகிறது. கோடையில் கடிகாரம் ஒரு மணியைக் கடந்தபின்னரே சூரியன் உச்சியடைகிறது. பருவமும் பொழுதும் மாறினும், முறைவைத்து உணவு கொண்டுவரும் குடும்பங்களால் பாத்திரம் நிறைகிறது. பூதமங்கலத்திலும் நாகையிலும் துறவறத்தைத் தாங்கியது இதே இல்லறக் கொடைதான். விதிநூலைத் தமிழ்நிலம் தந்தது. அதனைக் கடைப்பிடித்தோரைத் தமிழ்நிலம் ஊட்டியது. இவ்வரலாற்றை நினைவிற் கொள்வதால் அண்மைக்காலத்தின் வடு மறைந்துவிடாது. ஆயினும் கிரான்பர்ன் தெருவில் அத்துவராடையைக் காணும் தமிழர், தம் முன்னோர் வாழ்வின் ஒரு பகுதியையும் அதிற் காணலாம்.