மின்மென்விசை நிலைமாற்றம்

பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நொடி கழிந்தபோது, 10¹⁵ கெல்வின் அளவிலான வெப்பத்தில், துகள்களுக்கு நிறையளிக்கும் ஹிக்ஸ் புலம் பேரண்டமெங்கும் விழித்துக்கொண்ட நிகழ்வு. அதுவரை ஒன்றாயிருந்த மின்மென்விசை, மின்காந்த விசையாகவும் மென்விசையாகவும் பிரிந்தது. எலக்ட்ரான், குவார்க் முதலிய துகள்கள் நிறை பெற்றன.

கருத்தின் தோற்றம்

சூடேறிய காந்தம் தன் காந்தத்தன்மையை இழக்கிறது. அதுபோலக் கடும் வெப்பத்தில் ஹிக்ஸ் புலத்தின் மதிப்பும் சுழியாகிவிடும் என 1972இல் சோவியத் இயற்பியலாளர்கள் கிர்ஷ்னிட்ஸ், லிண்டே இருவரும் கூறினர். 1974இல் அமெரிக்காவில் வைன்பர்க் ஒருபுறமும், டோலன், ஜாக்கிவ் இருவரும் மறுபுறமும் அதை விரிவாகக் கணக்கிட்டனர்.

பொருளின் எச்சம்

எதிர்ப்பொருளைவிடப் பொருள் சற்றே மிஞ்சியதால்தான் விண்மீன்கள் உள்ளன. அப்படி மிஞ்சுவதற்கு வெப்பச் சமநிலை குலைந்திருக்க வேண்டும் என்பது 1967இல் சகாரோவ் வகுத்த மூன்று நிபந்தனைகளுள் ஒன்று. மின்மென்விசை நிலைமாற்றமே அதற்கு வாய்ப்பளிக்கலாம் என 1985இல் குஸ்மின், ரூபகோவ், ஷாபோஷ்னிகோவ் சுட்டினர். உலைநீர் கொதிக்கையில் ஆவிக்குமிழிகள் எழுவதுபோல, பழைய நிலைக்குள் புதிய நிலையின் குமிழிகள் தோன்றிப் பெருகியிருக்க வேண்டும். குமிழியின் விளிம்பு கடந்துசெல்லும் இடத்தில் சமநிலை குலையும். வெளியே உருவான உபரிப்பொருள் உள்ளே அழியாமல் தங்கும்.

குமிழிகள் இல்லை

1996இல் கஜான்தியே, லைனே, ரும்முகைனன், ஷாபோஷ்னிகோவ் ஆகியோரின் கணினிக் கணக்குகள் இந்த எதிர்பார்ப்பைத் தகர்த்தன. ஹிக்ஸ் புலத்துக்குரிய ஹிக்ஸ் துகளின் நிறை சுமார் 80 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால் குமிழிகளே எழா. வெல்லப்பாகு இறுகுவதுபோல, எந்த நொடியில் மாறியது எனச் சொல்ல இயலாதபடி மாற்றம் நழுவிச் சென்றுவிடும். 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் அறிவித்த ஹிக்ஸ் துகளின் நிறையோ சுமார் 125. அறியப்பட்ட துகள்கள் மட்டுமே இருந்திருந்தால் பேரண்டம் கொதிக்காமலே ஆறியிருக்கும்.

புதிய துகள்களின் பங்கு

ஹிக்ஸ் புலத்தோடு ஊடாடும் இன்னொரு துகள் இருந்தால் நிலை மாறும். மின்னூட்டமற்ற, சுழற்சியற்ற ஒரே ஒரு துகள்கூடப் போதும். பழைய நிலைக்கும் புதிய நிலைக்கும் இடையே அது ஆற்றல் வரப்பு ஒன்றை எழுப்பும். வரப்பால் தடுக்கப்பட்ட பேரண்டம், மாற வேண்டிய வெப்பநிலைக்குக் கீழும் பழைய நிலையிலேயே குளிர்ந்து, பின்னர் குமிழிகளாகப் பொங்கும். அத்துகள் நேரடியாகச் சிக்காவிட்டாலும், ஹிக்ஸ் துகள்கள் தமக்குள் ஊடாடும் வலிமையில் அதன் சாயல் படியும். மேம்படுத்தப்படும் செர்ன் துகள் மோதுவி இதை அளக்க முயலும்.

குமிழிகள் மோதியிருந்தால் ஈர்ப்பலைகளும் எழுந்திருக்கும் என்பது 1984இல் விட்டன் முன்வைத்த கருத்து. அவை இன்று மில்லிஹெர்ட்ஸ் அதிர்வெண் அளவுக்கு நீண்டிருக்கும். அந்த அதிர்வெண்ணுக்கென ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்த லிசா திட்டத்தின் மூன்று விண்கலங்கள், ஒன்றுக்கொன்று 25 லட்சம் கி.மீ. இடைவெளியில் பறக்கும். அவற்றை 2035இல் ஏவத் திட்டமிடப்பட்டுள்ளது.